பிறர் உணவைப் படமெடுக்கும் முன்: பண்பாட்டுப் பிழையும் இனவெறியும் ஃப்ரேமுக்குள் வராமல் தடுக்கும் வழிகள்

ஒரு தட்டைப் படமெடுத்தால் அதிலுள்ள உணவோடு இன்னும் பலவும் பதிவாகிவிடுகின்றன. அதை யார் சாப்பிடுகிறார்கள், எதைக் கொண்டு சாப்பிடுகிறார்கள், அது அன்றாடச் சாப்பாடா விருந்தா, சமைத்த இடம் எப்படிப்பட்டது என்று எல்லாவற்றையும் படம் சொல்லிவிடுகிறது. பாஸ்தாவை வெள்ளை மார்பிள் மேல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும் அதே ஸ்டூடியோ, தாய்லாந்து நூடுல்ஸ் வந்தவுடன் மேசையைக் கறுப்பாக்குகிறது, மூங்கில் பாய் விரிக்கிறது, புத்தர் சிலையைத் தேடுகிறது. பாஸ்தா சாப்பாடாகவே நிற்கிறது. நூடுல்ஸோ எங்கோ தொலைவில் இருக்கும் மர்மப் பொருளாகிவிடுகிறது. உணவுப் புகைப்படத்தில் இனவெறி உண்டா என்ற விவாதத்தில் மறுபடி மறுபடி எழும் குற்றச்சாட்டு இதுதான். குற்றச்சாட்டு நியாயமானது. இதைப் பெரும்பாலும் யாரும் வன்மத்தோடு செய்வதில்லை; பழக்கத்தில் செய்கிறார்கள். பழக்கம் என்பதால்தான் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சோதனையை வைத்துத் திருத்த முடிகிறது.

ஷாட் லிஸ்டுக்கு (எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலுக்கு) முன்னால் ஒரு பக்கக் குறிப்பு

உங்களுடைய அன்றாட உணவாக இல்லாத எதைப் படமெடுப்பதானாலும் முதலில் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதுங்கள். உணவின் பெயர், அதைச் சமைப்பவர்கள் சொல்கிறபடி. எந்த நாடு என்பதோடு நிற்காமல் எந்தப் பகுதி, எந்தச் சமூகம். எந்த வேளையில் சாப்பிடுவது. எந்தப் பாத்திரத்தில் சமைத்து எதில் பரிமாறுவது. பொதுத் தட்டா, தனித் தட்டா. கையாலா, கரண்டியாலா, சாப்ஸ்டிக்காலா. சாப்பிடும் முன் கலப்பார்களா, அடுக்கு கலையாமல் விடுவார்களா. பக்கத்தில் கட்டாயம் இருப்பது எது, ஒருபோதும் இருக்காதது எது. கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை ஸ்டைலிங்கைத் தொடங்காதீர்கள். பெரும்பாலான பிழைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

இந்தக் குறிப்பை ஸ்டாக் படங்களை (யாரும் வாங்கிப் பயன்படுத்த இணையத் தளங்களில் வைத்திருக்கும் படங்களை) பார்த்து நிரப்பக் கூடாது. முன்பு ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் மாதிரியாக எடுத்துக்கொண்ட படங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. அந்த உணவின் பெயரை அந்த மக்களின் எழுத்திலேயே இட்டுத் தேடி, வீட்டில் சமைப்பவர்கள் போட்ட வீடியோக்களைப் பாருங்கள். மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. சமையலை விட, சாப்பிடும் கடைசி இரண்டு நிமிடங்கள் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும். வெளிநாட்டு உணவகங்களின் தட்டை முதல் ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். அவை உள்ளூர் வாடிக்கையாளருக்காக மாற்றப்பட்டவையாக இருக்கலாம்.

பிறகு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த குறைந்தது இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவராவது அந்த உணவைத் தாமே சமைப்பவராக இருக்க வேண்டும். அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள், பெயர் போட அவர்கள் சம்மதித்தால் போடுங்கள். "இது சரியா?" என்று கேட்டால் மரியாதைக்காக ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். "இதில் எது உறுத்துகிறது? உங்கள் வீட்டு மேசையில் இதில் எது இருக்காது?" என்று கேளுங்கள். இரண்டு முறை கேட்க வேண்டும்: ப்ராப் (உணவோடு படத்தில் வைக்கும் துணைப்பொருள்) பட்டியல் தயாரானதும் ஒருமுறை, சோதனைப் படம் எடுத்ததும் ஒருமுறை. எடிட்டிங் முடிந்த பிறகு கேட்பதில் பயனில்லை, அப்போது எதையும் மாற்ற யாருக்கும் மனம் வராது.

இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொன்னால் குழம்ப வேண்டாம். ஒரே உணவுக்கு ஊருக்கு ஊர் முறை மாறும்; புலம்பெயர்ந்த குடும்பங்களில் இன்னும் மாறும். ஒருவருடைய முறையைத் தேர்ந்து அதை முழுமையாகப் பின்பற்றி, எந்தப் பகுதி முறை என்று கேப்ஷனில் எழுதிவிடுங்கள். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்தால் இருவருக்குமே அந்நியமான ஒரு தட்டு கிடைக்கும்.

கையும் கரண்டியும் சாப்ஸ்டிக்கும்

அதிகம் கண்டிக்கப்படும் பிழை, ஆசிய உணவு என்றதும் சாப்ஸ்டிக்கைக் கொண்டுவந்து வைப்பது. தாய்லாந்தில் சோறும் குழம்பும் கரண்டியாலும் முள்கரண்டியாலும் சாப்பிடப்படுகின்றன. முள்கரண்டி இடக்கையில் இருந்து உணவைக் கரண்டிக்குத் தள்ளித் தரும். சாப்ஸ்டிக் அங்கே நூடுல்ஸ் சூப்புக்கு வரும். பிலிப்பைன்ஸ் உணவு கரண்டி, முள்கரண்டி அல்லது கை. இந்தோனேசியா, மலேசியாவின் சோற்று உணவுகளும் பொதுவாக அப்படியே. இந்தத் தட்டுகளின் ஓரத்தில் சாப்ஸ்டிக் கிடந்தால், எடுத்தவருக்கு ஒரு கண்டம் முழுவதும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது என்பதே அந்தப் படத்தின் செய்தி.

சாப்ஸ்டிக் உண்மையிலேயே வேண்டிய இடத்திலும் அதை வைக்கும் முறை நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜப்பானிய மேசையில் அது சாப்பிடுபவருக்கு முன்னால், மேசை விளிம்புக்கு இணையாக, நுனி இடப்பக்கம் பார்க்கத் தாங்கியின் மேல் இருக்கும். சோற்றுக் கிண்ணம் இடம், சூப் வலம். சீன மேசையில் பொதுவாகக் கிண்ணத்தின் வலப்புறம் நெட்டாக இருக்கும். கொரிய மேசையில் நீளப் பிடிக் கரண்டியும் உலோகச் சாப்ஸ்டிக்கும் சேர்ந்து வலப்புறம் நெட்டாக வைக்கப்படும். அங்கும் சோறு இடம், சூப் வலம். ஜப்பானில் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதே முறை. கொரிய மரபில் கிண்ணம் மேசையில் இருக்க வேண்டும். ஆகவே "கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தும்" அந்தப் பிரபலமான ஷாட் கொரியச் சோற்றுக் கிண்ணத்துக்குப் பொருந்தாது.

சோற்றில் சாப்ஸ்டிக்கை நட்டு நிறுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. ஜப்பான், சீனா, கொரியா, வியட்நாம் எல்லாவற்றிலும் அது இறந்தவருக்குப் படைப்பதை நினைவூட்டுகிறது. புகைப்படக்காரர்கள் இதை ஏன் செய்கிறார்கள் என்பது தெரிந்ததே: தட்டையான ஃப்ரேமில் ஒரு செங்குத்துக் கோடு தேவைப்படுகிறது. அந்தக் கோட்டை உயரமான தேநீர்க் குவளை, சாஸ் பாட்டில், பின்னொளியில் எழும் ஆவி, நூடுல்ஸைத் தூக்கும் கை ஆகியவற்றால் பெறலாம். இரண்டு பேர் தங்கள் சாப்ஸ்டிக்குகளால் ஒரே துண்டைப் பிடிக்கும் "பகிர்ந்துண்ணும்" ஷாட்டையும் தவிருங்கள். ஜப்பானில் தகனத்துக்குப் பின் எலும்புகளை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற்றுவது அப்படித்தான். கிண்ணத்தின் மேல் குறுக்குமறுக்காகப் போடுவதும் வேண்டாம். நூடுல்ஸ் தூக்கும் ஷாட்டுக்குத் தினமும் சாப்ஸ்டிக்கில் சாப்பிடுபவரின் கையையே தேர்ந்தெடுங்கள். பழக்கமில்லாத கை, நுனிக்குப் பக்கத்தில் பிடித்து விரல்களை இறுக்கிக் காட்டும். தெரிந்தவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

இதே பொருளை வேடிக்கையாக்கியதால் வந்த வினைகளும் பதிவில் உள்ளன. 2018 நவம்பரில் டோல்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய ஆடை நிறுவனம், சீனப் பெண் ஒருவர் பீட்சாவைச் சாப்ஸ்டிக்கால் சாப்பிடத் தடுமாறும் விளம்பர வீடியோக்களை வெளியிட, எழுந்த எதிர்ப்பில் ஷாங்காய் ஃபேஷன் ஷோவே ரத்தானது. 2019 ஏப்ரலில் நியூசிலாந்து பர்கர் கிங், வியட்நாம் சுவை என்று சொல்லி விற்ற பர்கரைப் பெரிய சாப்ஸ்டிக்குகளால் சாப்பிடத் திணறும் ஆட்களைக் காட்டிய விளம்பரத்தை நீக்க நேர்ந்தது. இரண்டிலும் ஒரு மக்கள் கூட்டத்தின் அன்றாடக் கருவி கேலிப்பொருளாக்கப்பட்டிருந்தது.

கையால் சாப்பிடும் உணவைக் கையாலேயே காட்டுங்கள். எத்தியோப்பிய, எரித்ரிய இஞ்செராவை (புளித்த மாவில் செய்யும் பெரிய, மெல்லிய ரொட்டியை) தனித்தனிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் முக்கோணமாக வெட்டி வைத்து முள்கரண்டி சேர்ப்பது அடிக்கடி காணும் பிழை. பெரிய வட்டத் தட்டில் இஞ்செரா விரிந்திருக்கும், குழம்புகள் அதன் மேலேயே இருக்கும், கூடுதல் இஞ்செரா சுருட்டி ஓரத்தில் இருக்கும், பலரும் ஒரே தட்டிலிருந்து வலக்கையால் கிழித்து எடுப்பார்கள். அங்கே நோன்புத் தட்டு என்று தலைப்பிட்டால் முட்டையோ இறைச்சியோ பால் பொருளோ அதில் தெரியக் கூடாது. மற்ற மதச் சூழல்களுக்கும் இதே கவனம் வேண்டும்: யூதர்களின் பாஸ்ஓவர் பண்டிகை மேசையில் புளித்த மாவு ரொட்டி, கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்ட) தட்டில் இறைச்சியோடு சீஸ், இஃப்தார் மேசையில் ஒயின் கிளாஸ் ஆகியவை ஸ்டைலிஸ்ட் அவசரத்தில் வைத்துவிடுகிற பொருள்கள்.

பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து லேஅவுட் மேசையில் இருக்கிறது. எழுத்துக்கு இடம் வேண்டும் என்று வடிவமைப்பாளர் படத்தை இடவலமாகப் புரட்டுவார். அந்த நொடியில் வலக்கை இடக்கையாகிறது, சோறும் சூப்பும் இடம் மாறுகின்றன, சாப்ஸ்டிக் நுனி எதிர்ப்பக்கம் திரும்புகிறது, பாட்டிலில் உள்ள எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறுகிறது. ஃபைலோடு "புரட்டக் கூடாது" என்ற குறிப்பைக் கட்டாயம் அனுப்புங்கள். இரு பக்கமும் காலி இடம் உள்ள இரண்டு ஃப்ரேம்களைப் படப்பிடிப்பிலேயே எடுத்துக் கொடுத்தால் புரட்டும் தேவையே எழாது.

ப்ராப்: உணவைத் தொடாத எதுவும் வெளியே

ஒரு எளிய விதி பெரும்பாலான சிக்கலைத் தீர்க்கும். ஃப்ரேமில் உள்ள ஒவ்வொரு பொருளும் அந்த உணவைத் தொட வேண்டும்: அதில் சமைத்தது, அதில் பரிமாறியது, அதால் சாப்பிட்டது, அல்லது அதற்குள் போன பொருள். மெக்சிகோ டாக்கோவுக்குப் பக்கத்தில் சோம்ப்ரெரோ தொப்பி எந்த வகையில் உணவைத் தொடுகிறது? காகித விளக்கு, விசிறி, டிராகன், "பழங்குடி" அச்சுத் துணி எல்லாம் இந்தக் கேள்வியில் விழுந்துவிடும். மெக்சிகோவின் அலங்கார மண்டையோடுகள் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்த உறவினரை நினைவுகூரும் நாள்களுக்கு உரியவை. நாச்சோஸ் படத்துக்கு அலங்காரமாக வைக்க வேண்டியவை அல்ல. வழிபாட்டுச் சிலைகள் எப்போதும் ப்ராப் ஆகாது.

ஐயம் இருந்தால் உணவை மாற்றிப் பாருங்கள். இதே அளவு அடையாளப் பொருள்களை ஒரு ஹாம்பர்கரைச் சுற்றி வைப்பீர்களா? கவ்பாய் தொப்பி, கொடி, கழுகு பொம்மை எல்லாம் வைத்து? வைக்கமாட்டீர்கள் என்றால் இங்கும் எடுத்துவிடுங்கள்.

சில நுட்பமான பொருள்களும் உண்டு. வேற்றுமொழிச் செய்தித்தாளை நூடுல்ஸுக்கு அடியில் விரிப்பவர்கள் அதைத் தலைகீழாக விரித்துவிடுகிறார்கள், அல்லது மேலே தெரிகிற செய்தி விபத்துச் சாவாக இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் பார்க்காத எந்த எழுத்தும் ஃப்ரேமில் வேண்டாம். சாக்குத் துணி, துருப்பிடித்த தட்டு, உரிந்த மரப்பலகை ஆகியவை சில நாட்டு உணவுகளுக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தால், அந்நாடு ஏழ்மையும் பழமையும் மட்டுமே கொண்டது என்று சொல்வதாகிறது. மேசை முழுவதும் அன்னாசிப்பூவையும் பட்டையையும் இறைப்பதும் அப்படியே. உணவில் போட்ட மசாலாவை, போட்ட வடிவத்தில், போட்ட அளவை ஒட்டிக் காட்டினால் போதும்.

"அங்கே மக்களே பிளாஸ்டிக் தட்டில்தானே சாப்பிடுகிறார்கள்?" என்று வாதிடுவார்கள். அப்படியானால் பிளாஸ்டிக் தட்டிலேயே எடுங்கள். நல்ல வெளிச்சத்தில் அது அழகான பொருள். உண்மையான சமகாலப் பாத்திரம், கற்பனையான பழங்கால மண்பாண்டத்தை விட எப்போதும் மரியாதையானது.

உணவையே மாற்றுவது தனிச் சிக்கல். 2016-ல் அமெரிக்காவின் போன் அப்பெட்டி இதழ், பிலிப்பைன்ஸின் ஹாலோ-ஹாலோ இனிப்பைப் பாப்கார்னும் கம்மி பேர் மிட்டாயும் போட்டு வெளியிட்டபோது பிலிப்பினோ வாசகர்கள் கொதித்தார்கள். புதிதாகச் சமைக்க யாருக்கும் தடையில்லை. ஆனால் அந்தப் பெயரை முதன்முதலில் கேள்விப்படும் வாசகருக்கு அந்தப் படமே அந்த உணவு. மாற்றியிருந்தால் தலைப்பிலேயே "ஹாலோ-ஹாலோவைத் தழுவிய ஐஸ் இனிப்பு" என்பதுபோல எழுதுங்கள். அடியில் சிறிய எழுத்தில் எழுதுவது போதாது.

வெளிச்சம், நிறம், பழுப்பு

இது கருவியின் வரலாற்றிலேயே ஊறிய பிரச்சினை. வண்ண ஃபிலிம் காலத்தில் ஆய்வகங்கள் நிறத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்திய கோடாக்கின் "ஷெர்லி கார்டு" பல ஆண்டுகள் வெள்ளைப் பெண்களின் படத்தையே தாங்கியிருந்தது. கறுப்புத் தோலின் நுணுக்கங்கள் படத்தில் காணாமல்போயின. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முக்கியத் தகவல் வருகிறது: பழுப்பு நிறங்களை ஃபிலிம் பிரித்துக் காட்டவில்லை என்று கோடாக்கை அழுத்தியவர்களில் சாக்லேட் நிறுவனங்களும் மரச்சாமான் நிறுவனங்களும் இருந்தன. டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்பதே அவர்கள் குறை. பழுப்பு உணவும் பழுப்புக் கையும் ஒரே தொழில்நுட்பச் சிக்கலில் மாட்டிக்கொண்டவை. ஒன்றைச் சரிசெய்யக் கற்றால் மற்றதும் சரியாகும்.

கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் காட்சியை ஏறக்குறைய 18 சதவீதச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். பெரிய வெள்ளைத் தட்டு ஃப்ரேமை நிறைத்தால் அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். தட்டு சாம்பலாகும், கரும்பழுப்புக் குழம்பு சேறாகும், அதைப் பிடித்திருக்கும் கறுப்புக் கையில் விரல் மடிப்பே தெரியாது. எக்ஸ்போஷரை +⅔ முதல் +1⅓ ஸ்டாப் வரை கூட்டி (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரு மடங்காவது), 0 முதல் 255 வரையிலான ஒளி அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் தட்டின் வெள்ளை 245-ஐத் தாண்டாமல் நிறுத்துங்கள். அப்போதும் கை இருண்டிருந்தால் தட்டை மாற்றுவதே நல்ல வழி: நடுத்தர நிறப் பீங்கான், மங்கிய நீலம், களிமண் நிறம். வெள்ளைத் தட்டைக் கட்டாயமாக வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் கையை வெளுக்க வைப்பதுதான் மிக மோசமான தீர்வு.

கறுப்புத் தோல், அடர்ந்த குழம்பு இரண்டின் வடிவமும் அவற்றின் மேல் படும் பளபளப்பில்தான் தெரியும். அதற்கு ஒளியின் வலிமையைக் கூட்டுவதை விட அதன் பரப்பைக் கூட்ட வேண்டும். தட்டின் விட்டத்தைப் போல இரண்டு மடங்காவது அகலமான, ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசரைப் பக்கவாட்டிலிருந்து சற்றுப் பின்னால், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் திசையில் வையுங்கள். எதிர்ப்பக்கம் கையிலிருந்து 30 முதல் 40 செ.மீ. தூரத்தில் வெள்ளை ஃபோம் போர்டு. கையில் சிறிது மாய்ஸ்சரைசர் தடவினால் தோல் ஒளியை ஏற்கும். எல்.இ.டி. விளக்கானால், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதை 100-க்குச் சொல்லும் சி.ஆர்.ஐ. மதிப்பு 95-க்கு மேல் இருப்பதோடு அடர்சிவப்பைக் காட்டும் ஆர்9 மதிப்பும் 90-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்9 குறைந்த விளக்கில் மிளகாய்க் குழம்பும் பழுப்புத் தோலும் சேர்ந்தே சாம்பல் பூத்துப்போகும்.

ரா ஃபைலில் (கேமராவின் மூலப் பதிவில்) எடுத்து, கிரே கார்டை (நடுநிலைச் சாம்பல் அட்டையை) வைத்து ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யுங்கள். வெப்ப நாட்டு உணவு என்றதும் முழுப் படத்துக்கும் மஞ்சள் புழுதி நிறம் ஏற்றும் வழக்கத்தைக் கைவிடுங்கள். குழம்பைப் பளிச்சென்று காட்ட எடிட்டிங்கில் ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸ் (வெளிச்ச அளவு) ஸ்லைடரை ஏற்றினால் ஃப்ரேமில் உள்ள பழுப்புக் கையும் கூடவே வெளுக்கும், ஏனென்றால் இரண்டும் அதே நிற வரம்பில் இருக்கின்றன. குழம்புக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, வேலை செய்யுங்கள். முடிந்ததும் கையின் நிறத்தை, எடிட் செய்யாத ஃபைலோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு தொடரோ இதழோ முடிந்ததும் எல்லாப் படங்களையும் சிறிதாக ஒரே தாளில் பரப்பிப் பார்ப்பது நல்லது. இருண்ட பின்னணி உள்ளவற்றைக் குறியுங்கள். அவை எல்லாம் ஒரே பகுதி மக்களின் உணவாக இருந்தால் அதை ரசனை என்று சொல்லித் தப்ப முடியாது. பாதியை வெளிச்சத்தில் மறுபடி எடுங்கள்.

யார் சமைக்கிறார், யார் சாப்பிடுகிறார்

அதே தாளில் கைகளையும் முகங்களையும் எண்ணுங்கள். வெள்ளைக் கைகள் சாப்பிட, பழுப்புக் கைகள் பரிமாற மட்டும் வந்திருக்கின்றனவா? ஒரு நாட்டுச் சமையல்காரருக்கு முகமும் பெயரும், இன்னொரு நாட்டுச் சமையல்காரருக்கு வெறும் கையும் அடுப்பும் மட்டுமா? கறுப்பினத்தவரைப் பணிவிடைக்காரராகவே காட்டிய பழைய உணவுப் பெட்டிப் படங்களின் தொடர்ச்சி இது. 1889-ல் தொடங்கிய அமெரிக்கப் பான்கேக் மாவு பிராண்டான ஆன்ட் ஜெமைமாவின் பெயரையும் கறுப்பினப் பெண் உருவத்தையும் கைவிடுவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தது 2020-ல்தான். அங்கிள் பென்ஸ் என்ற அரிசி பிராண்டின் பெயர் மாறுவதும் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது.

தெருக்கடைக்காரரைப் படமெடுத்தால் அவருக்குப் புரியும் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவம், படத்தின் பயன் பற்றிய விளக்கம், அவர் வியாபாரத்தை நிறுத்திய நேரத்துக்குப் பணம் ஆகியவை வேண்டும். வணிக விளம்பரத்துக்கும் படம் போகக்கூடும் என்றால் அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

சொற்கள்

படம் ஸ்டாக் தளத்துக்குப் போனால் அதை எடுத்துச்செல்வது கீவேர்டுதான். "எக்ஸாட்டிக்", "எத்னிக்", "விசித்திரமான" போன்றவற்றை நீக்குங்கள். "ஆப்பிரிக்கக் குழம்பு" என்று எழுதாமல் நாட்டையும் உணவின் பெயரையும் எழுதுங்கள். ஃபைலுக்குள் சேமிக்கப்படும் ஐ.பி.டி.சி. என்ற விவரக் குறிப்பில் படம் எடுத்த இடம், காட்டப்படும் இடம் என இரண்டு களங்கள் உள்ளன. ஸ்டூடியோவில் எடுத்த படத்துக்கு அந்த நாட்டின் பெயரை எடுத்த இடமாகப் போடக் கூடாது.

அந்த உணவில் வளர்ந்தவர்களுக்கே எப்படிச் சாப்பிடுவது என்று கற்றுத்தரும் தொனியும் வேண்டாம். 2016 செப்டம்பரில் போன் அப்பெட்டி இதழ் வெள்ளையரான ஒரு சமையல்காரரை வைத்து, வியட்நாமின் ஃபோ நூடுல்ஸை இப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று வீடியோ வெளியிட்டுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவருக்குச் சமைக்கத் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. வியட்நாமியச் சமையல்காரர் எத்தனையோ பேர் இருக்க, அதிகாரக் குரல் ஏன் அவரிடம் போனது என்பதே கேள்வி. வேலையைப் பகிர்ந்தளிக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், அந்தச் சமூகத்துப் புகைப்படக்காரரையும் ஸ்டைலிஸ்டையும் அமர்த்துங்கள்; அவர்களுடைய சொந்த நாட்டு உணவுக்கு மட்டும் கூப்பிடாமல் கேக்குக்கும் சாலடுக்கும் கூப்பிடுங்கள்.

பிழை சுட்டிக்காட்டப்பட்டால்

முதலில் படத்தைப் புழக்கத்திலிருந்து எடுங்கள், பிறகு யோசியுங்கள். கண்டித்த கருத்துகளை அழிக்காதீர்கள். "யாராவது புண்பட்டிருந்தால்" என்று தொடங்காமல், எது தவறு, ஏன் தவறு, என்ன மாற்றினீர்கள் என்பதைத் தேதியோடு அதே பக்கத்தில் எழுதுங்கள். திருத்திச் சொன்னவர் மேலும் உதவ முன்வந்தால் அதைக் கூலியுள்ள வேலையாக ஆக்குங்கள். பழைய படம் ஸ்டாக் தளத்திலும் வாடிக்கையாளரின் ஃபோல்டரிலும் உயிரோடிருக்கும். ஒவ்வோர் இடத்துக்கும் எழுதி நீக்கச் சொல்லி, மாற்றுப் படத்தை அதே ஃபைல் எண்ணுக்கு இணைத்து அனுப்புங்கள். அந்த உணவுக்கான ஒரு பக்கக் குறிப்பில் "ஒருபோதும் இருக்காதது" என்ற வரியில் இந்தப் பிழையைச் சேர்த்து, அடுத்த படப்பிடிப்புக்குப் போகும் ஸ்டைலிஸ்டிடம் கொடுங்கள்.